எல்லையில் இரு நீதி: பாலக்காட்டில் ஆலைக்கு நிலம், இடுக்கியில் கடைக்கும் தடை

புது தில்லி:

தமிழக எல்லையை ஒட்டிய இரு கேரள மாவட்டங்களின் பொருளாதாரத்தைப் பற்றி 2024ஆம் ஆண்டில் இரண்டே மாத இடைவெளியில் தில்லியில் இரு முடிவுகள் எடுக்கப்பட்டன.

ஆகஸ்ட் 28ஆம் தேதி பொருளாதார விவகாரங்களுக்கான மத்திய அமைச்சரவைக் குழு, நாடு முழுவதும் 12 புதிய தொழில் நகரங்களுக்கு ஒப்புதல் அளித்தது. அவற்றில் ஒன்று பாலக்காடு. 1,710 ஏக்கர் பரப்பில், ரூ. 3,806 கோடி மதிப்பீட்டில் அமையும் இந்நகரில் மனைகள் தொழில் நிறுவனங்களுக்கு ஒதுக்கப்படும்.

அக்டோபர் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றம், இடுக்கி மாவட்டத்தின் ஏலமலைப் பகுதியில் புதிதாகப் பட்டா வழங்கவும், வணிகப் பயன்பாட்டுக்கு நிலத்தை மாற்றவும் இடைக்காலத் தடை விதித்தது.

ஒரு மாவட்டத்தில் தொழிலுக்கு நிலம் கொடுக்க அரசே முன்வருகிறது. மற்றொரு மாவட்டத்தில் தன் பட்டா நிலத்தில் கடை கட்டி வாடகைக்கு விட்டவர், அந்தக் கட்டடம் சட்டப்படி செல்லுமா என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக் கொண்டிருக்கிறார். இரண்டும் ஒரே மாநிலம். இரண்டிலும் தமிழர்கள் கணிசமாக வாழ்கின்றனர். இரண்டின் சந்தையும் எல்லைக்கு இப்பால் கோவையுடனும் தேனியுடனும் பின்னிப் பிணைந்தது.

கணவாய் தந்த வாய்ப்பு

மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக் கொடுத்த பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். ரயில் பாதையும் தேசிய நெடுஞ்சாலையும் அதன் வழியாகவே கேரளத்துக்குள் நுழைகின்றன. வாளையாறைக் கடந்தவுடன் வரும் கஞ்சிக்கோட்டில் 1970களில் மத்திய அரசின் இன்ஸ்ட்ருமெண்டேஷன் நிறுவனம் ஆலை அமைத்தது. ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையும் அதே காலத்தில் பாலக்காட்டுக்கு வந்தது. பின்னர் பெமல் நிறுவனமும் வந்தது. கொச்சிக்கு அடுத்தபடியாகக் கேரளத்தின் முக்கியத் தொழிற்பேட்டை என்ற நிலையைக் கஞ்சிக்கோடு அடைந்தது.

கேரளத்தில் தொழிலுக்கு முதல் தடை நிலம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு ஒரு சதுர கிலோ மீட்டருக்கு 860 பேர் வாழ்கின்றனர். தமிழகத்தில் இது 555. ஒரே இடத்தில் ஐம்பது ஏக்கர் நிலம் தேடும் தொழிலதிபர், பல குடும்பங்களின் வீட்டையும் தென்னந்தோப்பையும் விலைக்குக் கேட்க வேண்டியிருக்கும். ஒப்பீட்டளவில் சமவெளியும் வறண்ட நிலமும் உள்ள கிழக்குப் பாலக்காடு மட்டுமே இதற்கு விலக்கு.

இதனால்தான் சென்னை - பெங்களூர் தொழில் வழித்தடத்தைக் கோவை வழியாகக் கொச்சிக்கு நீட்டியபோது, கேரளம் பாலக்காட்டை முன்னிறுத்தியது. புதுச்சேரி என்ற பெயர் கொண்ட பாலக்காட்டுக் கிராமங்களிலும் கண்ணம்பிராவிலும் நிலம் அடையாளம் காணப்பட்டது. மாநில அரசு நிலத்தைத் தர, மத்திய அரசு சாலை, குடிநீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளுக்கு நிதி தருவது என்பது ஏற்பாடு. 51 ஆயிரம் பேருக்கு வேலைவாய்ப்பு கிடைக்கும் என்று மதிப்பிடப்பட்டது.

குதிரான் மலையில் கேரளத்தின் முதல் சாலைச் சுரங்கப் பாதை 2021ஆம் ஆண்டு திறக்கப்பட்டதும், 2017ஆம் ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. அமலானதையொட்டி வாளையாறு வணிக வரிச் சோதனைச் சாவடி மூடப்பட்டதும் இப்பகுதிக்குச் சாதகமாயின. லாரிகள் நாள் கணக்கில் வரிசையில் நின்ற இடம் அது.

விற்பனை அல்ல, குத்தகை

தொழிற்பேட்டைகளில் கேரள அரசு நிறுவனங்கள் நிலத்தைப் பெரும்பாலும் நீண்ட காலக் குத்தகைக்கே விடுகின்றன. இதற்குக் காரணம் உண்டு. நிலத்தை விற்றுவிட்டால், ஆலை மூடப்பட்ட பின் அது மனை வணிகத்துக்குப் போய்விடும். குத்தகை என்றால் நிபந்தனை மீறப்படும்போது அரசு திரும்பப் பெறலாம். நிலம் அரிதாக உள்ள மாநிலத்துக்கு இது முக்கியம்.

தொழிலதிபர்களின் குறை வேறு. குத்தகை உரிமையை வங்கியில் ஈடு வைப்பதிலும், வேறொருவருக்கு மாற்றுவதிலும், தொழிலின் தன்மையை மாற்றுவதிலும் ஒவ்வொரு முறையும் அரசின் அனுமதி தேவை. விரிந்த நிலத்துக்கும் விரைவான அனுமதிக்கும் பக்கத்திலேயே கோவை இருக்கும்போது அவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பது இயல்பே. இந்தப் போட்டியை உணர்ந்து, 2022ஆம் ஆண்டில் தனியார் தொழிற்பேட்டைத் திட்டத்தைக் கேரளம் அறிவித்தது. பத்து ஏக்கர் நிலம் வைத்திருப்போர் தாங்களே தொழிற்பேட்டை அமைத்து, இடத்தைப் பிறருக்கு விடலாம். அடிப்படை வசதிகளுக்கு ஏக்கருக்கு ரூ. 30 லட்சம் வீதம், அதிகபட்சம் ரூ. 3 கோடி வரை அரசு உதவும்.

எனினும், நிலம் தயாராக இருப்பதால் மட்டும் ஆலை வந்துவிடாது என்பதற்குப் பாலக்காடே சாட்சி. 2008ஆம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில் கஞ்சிக்கோட்டுக்கு ரயில் பெட்டித் தொழிற்சாலை அறிவிக்கப்பட்டது. அப்போது லாலு பிரசாத் ரயில்வே அமைச்சர். மாநில அரசு 239 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தித் தந்தது. 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2018ஆம் ஆண்டில், புதிய தொழிற்சாலைக்குத் தேவை எழவில்லை என்று ரயில்வே அமைச்சகம் கூறிவிட்டது. கட்சி வேறுபாடின்றிக் கேரள எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் எழுப்பிய பிரச்னை இது.

பிளாச்சிமடை பாடம்

ஆலை வந்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கும் பாலக்காட்டிலேயே பதில் இருக்கிறது. சித்தூர் வட்டம், பெருமாட்டி ஊராட்சிக்கு உள்பட்ட பிளாச்சிமடை தமிழ் பேசுவோரும் பழங்குடியினரும் வாழும் எல்லைக் கிராமம். 2000ஆம் ஆண்டில் அங்கு உற்பத்தியைத் தொடங்கிய கோக கோலா ஆலை, நிலத்தடி நீர் வற்றியது, மாசடைந்தது என்ற புகாரால் எழுந்த மக்கள் போராட்டத்தைத் தொடர்ந்து 2004ஆம் ஆண்டு மார்ச்சில் மூடப்பட்டது.

மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010ஆம் ஆண்டில் சேதத்தை ரூ. 216.26 கோடி என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011ஆம் ஆண்டு கேரள சட்டப்பேரவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காகத் தில்லிக்கு வந்த அந்த மசோதாவுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆலையைத் திறக்கும் எண்ணமில்லை என 2017ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்த நிறுவனம், 2023ஆம் ஆண்டில் நிலத்தையும் கட்டடத்தையும் மாநில அரசிடம் ஒப்படைத்தது.

தொழிலுக்கு நிலம் கொடுப்பது எளிது. அந்த நிலத்துக்கு அடியில் உள்ள நீர் யாருடையது என்பதை முன்கூட்டியே எழுதிக் கொள்ளாவிட்டால் பின்னர் இழப்பீடு பெறுவது எளிதல்ல என்பதே பிளாச்சிமடை தரும் பாடம். 1,710 ஏக்கர் தொழில் நகரம் அமையவிருப்பதும் மழை குறைந்த கிழக்குப் பாலக்காட்டை ஒட்டித்தான்.

மலையில் வேறு சட்டம்

இடுக்கியின் கதை முற்றிலும் வேறு. இங்கு குத்தகை என்பது மாவட்டத்தின் வரலாற்றோடு பிறந்தது. 1877ஆம் ஆண்டில் பூஞ்சாறு அரச குடும்பம் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குக் கண்ணன் தேவன் மலைகளை எழுதிக் கொடுத்ததில்தான் மூணாறின் தேயிலைப் பொருளாதாரம் தொடங்கியது. 1971ஆம் ஆண்டில் கேரள அரசு தனிச் சட்டம் இயற்றி அந்த நிலங்களைத் திரும்ப எடுத்தது. 1972ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தேயிலைச் சாகுபடிக்கும் அதன் துணைத் தேவைகளுக்கும் என சுமார் 57 ஆயிரம் ஏக்கர் நிறுவனத்திடம் விடப்பட்டது.

1970ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம், கேரளத்தில் குத்தகை முறையையே ஒழித்தது. உழுதவர் உரிமையாளரானார். புதிதாக விவசாய நிலத்தைக் குத்தகைக்கு விடுவது தடை செய்யப்பட்டது. தோட்டங்களுக்கும் வணிக இடங்களுக்கும் உச்சவரம்பிலிருந்து விலக்கு கிடைத்தது. இந்த விலக்குதான் பெருந்தோட்டங்களைக் காப்பாற்றியது.

சிறு விவசாயிக்கு வந்த சிக்கல் வேறு வழியில் வந்தது. உணவுப் பஞ்ச காலத்தில் அரசே ஊக்குவித்து மலையில் குடியேற்றிய குடும்பங்களுக்கு 1964ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டு விதிகளின் கீழ் பட்டா வழங்கப்பட்டது. மலையாளத்தில் பட்டயம் எனப்படும் அந்த ஆவணத்தில் நிலத்தின் பயன்பாடு குறிக்கப்பட்டிருக்கும். சொந்தச் சாகுபடி, வீடு, அருகிலுள்ள நிலத்தின் பயன்பாடு ஆகியவை மட்டுமே அனுமதி. 1977 ஜனவரி 1க்கு முன் வன நிலங்களில் குடியேறியோருக்காக 1993ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட சிறப்பு விதிகளில் கடை மனை சேர்க்கப்பட்டது. 1964 விதிகளில் அது இல்லை.

ஆண்டுகள் செல்லச் செல்ல, சாகுபடி நிலத்தின் சாலையோரப் பகுதியில் கடை வந்தது. கடைக்கு மேல் மாடி வந்தது. மாடியில் தங்கும் விடுதி வந்தது. ஊராட்சி உரிமம் கொடுத்தது; மின் வாரியம் இணைப்புக் கொடுத்தது; அரசு வரி வாங்கியது. கட்டப்பனை, அடிமாலி, நெடுங்கண்டம் போன்ற ஊர்கள் இப்படித்தான் நகரங்களாயின. பட்டாவில் மட்டும் அது ஏலக்காய்த் தோட்டமாகவோ மிளகுத் தோட்டமாகவோ நீடித்தது.

இடிப்பு முதல் திருத்தம் வரை

2007ஆம் ஆண்டில் முதல்வராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் மூணாறுக்கு அனுப்பிய மூவர் குழு சில வாரங்கள் நடத்திய இடிப்பு நடவடிக்கை நாடெங்கும் பேசப்பட்டது நினைவிருக்கலாம். ஆளும் கூட்டணிக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பில் அது நின்றது. இடிக்கப்பட்ட சில விடுதிகளின் வழக்கில் 2014ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அரசின் நடவடிக்கைக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. இதற்கிடையே 2010ஆம் ஆண்டு ஜனவரியில், மூணாறில் கட்டுமானத்துக்கு வருவாய்த் துறையின் அனுமதி கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது.

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் தேதி மாநில அரசு பிறப்பித்த ஆணை இடுக்கி முழுவதையும் உலுக்கியது. பட்டா எந்தப் பயன்பாட்டுக்கு வழங்கப்பட்டதோ அதற்கு மட்டுமே இனிக் கட்டட அனுமதி என்றது அந்த ஆணை. 15 சென்ட் வரையிலான நிலத்தில் 1,500 சதுர அடி வரை உள்ள கட்டடங்களுக்கு மட்டுமே வரன்முறைக்கு வழி விடப்பட்டது.

பெரிய விடுதி உரிமையாளர் வழக்குரைஞரை வைத்து நீதிமன்றத்துக்குப் போவார். பாதிக்கப்பட்டவர் கீழே ஒரு மளிகைக் கடை, மேலே குடியிருப்பு என்று கட்டியவர். மகளின் திருமணத்துக்கோ மகனின் படிப்புக்கோ கடை வாடகையை நம்பியிருந்தவர். சட்டப்படி நிற்காத கட்டடத்தை ஈடாக ஏற்க வங்கி தயங்கும். நல்ல வாடகைதாரர் நீண்ட கால ஒப்பந்தம் எழுத மாட்டார். புதிய கிளை திறக்க விரும்பும் நிறுவனம் அடுத்த மாவட்டத்துக்குப் போகும்.

இதற்குத் தீர்வாக, நில ஒதுக்கீட்டுச் சட்டத் திருத்த மசோதாவை 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் சட்டப்பேரவை நிறைவேற்றியது. அதற்கு அப்போதைய ஆளுநர் ஆரிப் முகமது கான் உடனே ஒப்புதல் தரவில்லை. 2024ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி வணிகர் அமைப்பின் நிகழ்ச்சிக்காக ஆளுநர் தொடுபுழா வந்தபோது, ஆளும் இடது ஜனநாயக முன்னணி மாவட்டம் முழுவதும் கடையடைப்பு நடத்தியது. வணிகருக்காகக் கொண்டு வந்த மசோதாவுக்காக வணிகரின் கடையை அடைக்கச் சொன்ன விநோதத்தை அன்று இடுக்கி கண்டது. மக்களவைத் தேர்தலில் கேரளம் வாக்களித்த மறுநாள், ஏப்ரல் 27ஆம் தேதி, ஒப்புதல் அளிக்கப்பட்டதாக ஆளுநர் மாளிகை அறிவித்தது.

சட்டம் வந்தாலும் விதிகள் வர மேலும் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமைச்சரவை விதிகளுக்கு ஒப்புதல் அளித்தது. வீடுகளுக்குக் கட்டணமின்றியும், வணிகக் கட்டடங்களுக்கு நிலத்தின் நியாய மதிப்பை அடிப்படையாகக் கொண்ட கட்டணத்துடனும் மீறல்களை வரன்முறைப்படுத்துவதே அவற்றின் சாரம். கடந்த கால மீறலுக்கு மன்னிப்பு கிடைக்கும் என்பது ஆறுதல்தான். அதே சலுகை, கட்டுப்பாடின்றிக் கட்டிய பெரும் விடுதிகளுக்கும் போய்ச் சேராதா என்பது சூழல் ஆர்வலர்களின் கேள்வி. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவில் 70 பேர் மாண்டனர். அவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அதை மறந்துவிட்டு மலையில் கட்டடங்களைப் பற்றிப் பேச முடியாது.

ஒரு எண், இரண்டு லட்சம் ஏக்கர்

மாநிலச் சட்டம் ஒரு பூட்டைத் திறந்தாலும், மற்றொரு பூட்டின் சாவி தில்லியில் இருக்கிறது. 1897ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு ஏலமலையைக் காப்புப் பகுதியாக அறிவித்தது. அதன் பரப்பு 15,720 ஏக்கர் என்கிறது கேரள அரசு. 2,15,720 ஏக்கர் என்கின்றனர் வழக்குத் தொடுத்த சூழல் அமைப்பினர். முன்னால் ஒரு 2 இருக்கிறதா இல்லையா என்பதில் இரண்டு லட்சம் ஏக்கர் நிலத்தின் தலைவிதி அடங்கியுள்ளது.

அந்தப் பரப்பு முழுவதும் வனம் என உச்ச நீதிமன்றம் முடிவு செய்தால், 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் பாயும். பிறகு ஒரு கடைக்கும் மத்திய அரசின் அனுமதி வேண்டும். நிலமும், நில உரிமையாளர் - குத்தகைதாரர் உறவும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளன. வனம், 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாறியது. இடுக்கியில் ஒரே மண் நிலமா, வனமா என்பதைப் பொறுத்து அதிகாரம் திருவனந்தபுரத்துக்கோ தில்லிக்கோ போகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் உணர்திறன் பகுதிகளுக்கான வரைவு அறிவிக்கையும் இதே ரகம். 2014 மார்ச்சில் முதல் வரைவும், 2024 ஜூலை 31ஆம் தேதி ஆறாவது வரைவும் வெளியாயின. கஸ்தூரிரங்கன் அறிக்கைக்கு எதிரான கொந்தளிப்பில் 2014 மக்களவைத் தேர்தலில் இடதுசாரிகள் ஆதரித்த சுயேச்சை வேட்பாளர் இடுக்கியில் வென்றதை அரசியல் கட்சிகள் மறக்கவில்லை.

போடிக்கும் குமுளிக்கும் என்ன?

இந்த வழக்கின் முடிவு தமிழகத்துக்கும் முக்கியம். ஏலக்காய் விளைவது இடுக்கியில். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடப்பது புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும். விளைபொருளைத் தரம் பிரிப்பதும், வட இந்தியாவுக்கு அனுப்புவதும் பெருமளவு போடி வணிகர்கள். தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஜீப்புகளில் தினமும் மலையேறுகின்றனர். இடுக்கியில் கிடங்கும் கடையும் கட்ட முடியாவிட்டால், அந்த வணிகம் மலையிறங்கித் தேனிக்கு வரலாம் என்று கருதுவோரும் உண்டு. தோட்டத்தின் வருமானம் சுருங்கினால் தமிழகத் தொழிலாளியின் கூலியும் சுருங்கும் என்பதே மறுபக்கம்.

குமுளியில் குத்தகைப் பிரச்னைக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி கையெழுத்தான பெரியாறு குத்தகை ஒப்பந்தம், 8 ஆயிரம் ஏக்கரை ஏக்கருக்கு ரூ. 5 வாடகையில் 999 ஆண்டுகளுக்குச் சென்னை மாகாணத்துக்கு அளித்தது. 1970ஆம் ஆண்டில் வாடகை ரூ. 30 ஆக உயர்ந்தது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. ஒப்பந்தம் செல்லும் என்று 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால், தேக்கடி வரும் சுற்றுலா வாகனங்களுக்காக ஆனவாச்சலில் கேரளம் அமைத்த நிறுத்துமிடம் குத்தகை நிலத்துக்குள் வருகிறது எனத் தமிழகம் வழக்குத் தொடர்ந்தது. 2023 நவம்பரில் நீதிமன்ற உத்தரவின்படி அளந்த இந்திய நில அளவைத் துறை, அது எல்லைக்கு வெளியே உள்ளதாக அறிக்கை அளித்தது. தமிழகம் அதை ஏற்கவில்லை.

வாடகைக்கும் வரி

கட்டடம் சட்டப்படி இருந்தாலும் வாடகைதாரரின் கவலை தீர்வதில்லை. வணிக இடங்களின் வாடகைக்கு 2007 ஜூன் 1 முதல் மத்திய அரசு சேவை வரி விதித்தது. 2009ஆம் ஆண்டு தில்லி உயர் நீதிமன்றம் வாடகைதாரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது, 2010ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் முன்தேதியிட்டு வரியை நாடாளுமன்றம் நிலைநிறுத்தியது. ஜி.எஸ்.டி.யில் இது 18 சதவீதம்.

பதிவு பெறாத உரிமையாளரிடம் கடை எடுத்த பதிவு பெற்ற வணிகரே அந்த வரியைச் செலுத்த வேண்டும் என்ற முறை 2024 அக்டோபர் 10ஆம் தேதி அமலுக்கு வந்தது. சிறு வணிகர்கள் எதிர்த்ததையடுத்து, டிசம்பரில் ஜெய்சல்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், தொகுப்பு வரித் திட்டத்தில் உள்ளோருக்கு விலக்கு அளிக்கப் பரிந்துரைத்தது. பெரிய தொழில் நகரத்தில் மனை எடுப்பவர் இந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக் கொள்ள முடியும். கழிக்க வழியில்லாத சிறு வணிகர் அந்தச் சுமையைத் தாமே ஏற்பார்.

தேவை ஒரே அளவுகோல்

பாலக்காடும் இடுக்கியும் கேட்பது வெவ்வேறு என்றாலும், அடிப்படை ஒன்றே. நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எவ்வளவு காலத்துக்கு, எந்த நிபந்தனையில் என்பது முதல் நாளே தெளிவாக இருக்க வேண்டும். கஞ்சிக்கோட்டில் மனை எடுக்கும் நிறுவனத்துக்கு அந்தத் தெளிவு ஒப்பந்தத்திலேயே கிடைக்கிறது. பிளாச்சிமடை மக்களுக்கு நீரைப் பற்றிய தெளிவு கிடைக்கவில்லை. இடுக்கியின் பட்டாதாரருக்கு, அரை நூற்றாண்டு கழித்து அவரது கடை ஒரு மீறல் என்று சொல்லப்பட்டது.

ஏலமலை வழக்கில் வனத்தின் பரப்பு எது என்பதை உச்ச நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்குத் தேவையான பழைய ஆவணங்களை முழுமையாக முன்வைப்பது மாநில அரசின் கடமை. சூழல் பகுதிகளின் எல்லையை ஆறு வரைவுகளுக்குப் பிறகேனும் இறுதி செய்வது மத்திய அரசின் கடமை. சரிவான மலையில் எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு கட்டலாம் என்பதைப் பட்டாவின் பழைய வாசகம் சொல்லாது. மண்ணின் தன்மைதான் சொல்லும். அதைக் கணக்கில் எடுத்து, ஐந்து மாடி விடுதியையும் சாலையோரத் தேநீர்க் கடையையும் பிரித்துப் பார்க்கும் விதி வராத வரை, இடுக்கியில் கடை வாடகை ஒப்பந்தம் எழுதும் இருவருமே நீதிமன்றத்தின் அடுத்த உத்தரவை எதிர்பார்த்தே கையெழுத்திட வேண்டியிருக்கும்.